கம்பளிக்குள் ஒளிந்திருக்கும் கோளாறு: சிறு செம்மறிப் பட்டிக்குப் பிழை நீக்கும் வழிமுறை

ஊட்டிக்குப் பக்கத்தில் ஒரு சரிவில் 16 செம்மறிகள் வைத்திருக்கிறோம். பெரும்பாலும் நீலகிரி இனம். இரண்டில் மட்டும் சாண்டினோ ரத்தம் உண்டு. சாண்டினோ என்பது சாண்டிநல்லா செம்மறி ஆராய்ச்சி நிலையத்தில் நீலகிரி ஆட்டையும் மெரினோவையும் கலந்து உருவாக்கிய இனம். கம்பளியை வீட்டிலேயே நூற்கிறோம். குட்டி போக மிஞ்சும் பாலைத் தயிராக்குகிறோம். எதற்கும் பெரிய வருமானம் இல்லை. வருமானம் இல்லாத பட்டியில் மருத்துவச் செலவுதான் முதலில் கண்ணை உறுத்தும். அதனால் எதை நாமே பார்க்கலாம், எங்கே மருத்துவரைக் கூப்பிட்டே ஆக வேண்டும் என்று தவறு செய்து செய்துதான் பிரித்தறிந்தேன். திரும்பத் திரும்ப வந்த கோளாறுகளை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் இதைச் செய்யுங்கள்

எங்கள் பகுதிக் கால்நடை மருத்துவர் முதல் வருகையிலேயே சொன்னார்: "கம்பளிக்கு மேலே பார்த்தால் எல்லா ஆடும் கொழுத்த ஆடுதான்." அன்று நான் கொழுத்தது என்று காட்டிய ஆட்டின் முதுகில் அவர் விரலை நுழைத்துத் தண்டெலும்பை எண்ணினார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

ஆட்டை நிழலில் பிடித்து நிறுத்தி ஐந்து இடம் பாருங்கள். இடுப்புக்கு மேலே கம்பளிக்குள் விரலை அழுத்துங்கள்: எலும்பு முனை கத்திபோல் கூர்மையாகத் தட்டுப்பட்டால் மெலிவு, மேடாக உருண்டு தட்டுப்பட்டால் சரி, அழுத்தினாலும் தட்டுப்படாவிட்டால் அதிகக் கொழுப்பு. கீழ் இமையைப் புரட்டி நிறம் பாருங்கள். ஆசனவாயில் வெப்பமானி வையுங்கள்: 102 முதல் 103.5 டிகிரி ஃபாரன்ஹீட் இயல்பு, 104-ஐத் தாண்டினால் காய்ச்சல். வெயிலில் ஓட்டிப் பிடித்த ஆடானால் அரை மணி நேரம் நிழலில் நிற்கவிட்டு மறுபடி பாருங்கள், கம்பளிக்குள் சூடு தங்கும். இடது விலாவின் பள்ளத்தில் மூடிய கையை வைத்து இரண்டு நிமிடம் எண்ணுங்கள்: வயிறு குறைந்தது இரண்டு முறையாவது உருண்டு கையைத் தள்ள வேண்டும். கடைசியாகப் புழுக்கை: தனித்தனியாக உருண்டு விழுகிறதா, ஒட்டிக்கொண்டு கட்டியாக வருகிறதா, நீராகவா?

ஐந்தையும் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பின்னால் கம்பளியில் கோளாறு தேடும்போதும் இந்த நோட்டுத்தான் உதவும்.

## நொண்டுகிறது

மழைக்காலத்தில் எங்களுக்கு அதிகம் வரும் தொல்லை இது. ஜூனில் தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் கொட்டகை வாசல் சேறாகிவிடும்.

### ஓர் ஆடு, ஒரு கால்

முதலில் ஆட்டை உட்கார வைத்துக் குளம்பைத் துடையுங்கள். முள், சரளைக்கல், வளர்ந்து மடங்கிய குளம்பு ஓரம் — பாதி நொண்டல் இதிலேயே முடிந்துவிடும். மடங்கிய ஓரத்தைக் குளம்புக் கத்தரியால் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். இளஞ்சிவப்பு தெரிந்தால் நிறுத்திவிட வேண்டும், அதற்கு அடியில் ரத்தம்.

இரு குளம்புகளுக்கும் நடுவே, முன்புறத்தில், சின்னத் துளை ஒன்று இருக்கும். அதிலிருந்து மெழுகுபோல் ஒன்று பிதுங்கும், ஓரிரு மயிரும் தெரியும். புதிதாக ஆடு வளர்ப்பவர்கள் இதைச் சீழ் என்றும் புழு என்றும் நினைத்துக் குடைந்துவிடுகிறார்கள். நானும் குடைந்திருக்கிறேன். அது செம்மறிக்கு இயல்பாகவே உள்ள சுரப்பி, அதைத் தொடாமல் விடுங்கள். அடைத்துக்கொண்டு வீங்கியிருந்தால் மட்டும் மெதுவாக அமுக்கி வெளியேற்றலாம்.

### குளம்பு நடுவே சிவந்து ஈரமாக இருக்கிறது, நாற்றம் இல்லை

சேற்றுப்புண். உலர்ந்த தரைதான் மருந்து. வாசலில் சரளை கொட்டி, கொட்டகைக்குள் காய்ந்த புல் பரப்பி நான்கு நாள் நிறுத்துங்கள். குணம் தெரியாவிட்டால் துத்தநாக சல்பேட் குளியல்: 10 லிட்டர் தண்ணீருக்கு 1 கிலோ. குளம்பைக் கழுவிச் சேறு போக்கிய பிறகுதான் அதில் நிறுத்த வேண்டும், பிறகு சிறிது நேரம் உலர்ந்த தரையில் நிற்கவிட வேண்டும். சேற்றுக்காலோடு இறக்கிவிட்டு உடனே மறுபடி சேற்றில் விட்டால் 1 கிலோ மருந்தும் வீண்.

மயில்துத்தம் (தாமிர சல்பேட்) மலிவு என்று பலர் அதைப் பயன்படுத்துகிறார்கள். கம்பளியில் கறை பிடிக்கும். அதைவிட, ஆடு அதைக் குடித்துவிட்டால் தாமிர நஞ்சாகிவிடும். நான் வாங்குவதை நிறுத்திவிட்டேன்.

### நாற்றம் அடிக்கிறது, குளம்பு ஓடு சதையிலிருந்து பிரிகிறது

குளம்பு அழுகல். ஒருமுறை மோந்தால் அந்த நாற்றம் மறக்காது. பழைய பழக்கப்படி குளம்பின் ஓடு முழுவதையும் செதுக்கித் திறந்துவிடாதீர்கள். புண்ணான குளம்பை ஆழமாகச் செதுக்கினால் ஆறுவது தாமதமாகும். ஆட்டைத் தனியே கட்டி, மருத்துவரிடம் உடல் எடையைச் சொல்லி நுண்ணுயிர்க்கொல்லி ஊசி போடச் செய்யுங்கள். ஊசி போட்ட ஆட்டின் பால் எத்தனை நாள் வேண்டாம் என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். கத்தரியைக் கிருமிநாசினியில் முக்காமல் அடுத்த ஆட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. வருடத்தில் மூன்று முறை ஒரே ஆட்டுக்கு வந்தால் அதைக் கழித்துவிடுகிறேன். மனம் கேட்காது, ஆனால் மற்ற 15 ஆடுகளின் கால்கள் இருக்கின்றனவே.

### ஒரே நாளில் பல ஆடுகள்

குளம்பு பார்ப்பதற்கு முன் வாயைப் பாருங்கள். எச்சில் வழிந்து, ஈறில் கொப்புளமும் குளம்பு விளிம்பில் கொப்புளமும் இருந்தால் கோமாரி. முகமும் உதடும் வீங்கி, நாக்கு கருநீலமாகி, குளம்பு விளிம்பில் சிவந்த வளையம் தெரிந்தால் நீலநாக்கு நோயாக இருக்கலாம். அது சிறு கொசு போன்ற ஈக்களால் மழைக்குப் பின் பரவும். இரண்டிலும் வீட்டு வைத்தியம் பேசவே வேண்டாம். ஆட்டை எங்கும் ஓட்டாமல், யாருடைய பட்டிக்கும் போகாமல், உடனே கால்நடை மருந்தகத்துக்குத் தெரிவியுங்கள்.

## இமை வெளுத்திருக்கிறது, தாடைக்கு அடியில் பை தொங்குகிறது

எங்கள் பட்டியில் ஆடு செத்தது பெரும்பாலும் இதனால்தான்.

கீழ் இமை சதைச் சிவப்பாக இருந்தால் நல்லது, இளஞ்சிவப்பானால் எச்சரிக்கை, காகிதம்போல் வெளுத்தால் ஆபத்து. தென்னாப்பிரிக்காவில் உருவாக்கிய ஃபமாச்சா என்ற நிற அட்டையில் 1 (சிவப்பு) முதல் 5 (வெளுப்பு) வரை படி இருக்கும். கண்ணை நம்பாமல் அட்டையோடு ஒப்பிடுங்கள், விளக்கு வெளிச்சத்தில் அல்லாமல் பகல் வெளிச்சத்தில் ஒப்பிடுங்கள்.

### புழுக்கை உருண்டையாகவே இருக்கிறது

கழிச்சல் இல்லையே, புழு இருக்காது என்று நான் முதல் வருடம் நம்பினேன். தவறு. வயிற்றில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கும் ஹீமாங்கஸ் புழு கழிச்சலை உண்டாக்காமலேயே ஆட்டைச் சாய்த்துவிடும். தாடைக்கு அடியில் நீர் கோத்த பை மாலையில் மேய்ந்து திரும்பும்போது பெரிதாகத் தெரியும், இரவு கழிந்தால் சுருங்கும். காலையில் பார்த்துவிட்டு வீக்கம் வற்றிவிட்டது என்று மகிழ்ந்துவிடாதீர்கள்.

செய்ய வேண்டியவை இந்த வரிசையில். அட்டையில் 4, 5 வந்த ஆடுகளுக்கு அன்றே புழு மருந்து. 3 வந்தவற்றில் மெலிந்தது, பால் தருவது, குட்டி ஆகியவற்றுக்கு மட்டும். 1, 2 வந்தவற்றுக்கு வேண்டாம். எல்லா ஆட்டுக்கும் ஒரே நாளில் மருந்து ஊற்றினால் மருந்துக்குச் சாகாத புழு மட்டுமே பட்டியில் மிஞ்சும். அளவைக் கண்ணால் மதிப்பிடக் கூடாது. எடைபோட்டு ஊற்றுங்கள், குறைத்து ஊற்றுவது ஊற்றாததைவிடக் கெடுதல். நாக்கின் பின்புறத்தில் மெதுவாக விட வேண்டும். தலையை அண்ணாந்து பிடித்தால் நுரையீரலுக்குள் போகும்.

அல்பெண்டசோல் என்ற புழு மருந்தைச் சினையின் முதல் மாதத்தில் கொடுக்கக் கூடாது, குட்டி ஊனமாகும். கிடா சேர்த்த தேதி தெரியாத ஆடு என்றால் மருத்துவரிடம் வேறு மருந்து கேளுங்கள்.

மருந்து கொடுத்த பிறகு 10 முதல் 14 நாளில் சாணத்தை மருந்தகத்தில் கொடுத்துப் புழு முட்டை எண்ணச் சொல்லுங்கள். கொடுத்த அன்று எடுத்த எண்ணிக்கையோடு ஒப்பிட்டு 95 சதவீதமாவது குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை என்றால் அந்த மருந்து உங்கள் பட்டியில் செல்லாது. ஒரு வருடம் நான் வாங்கிய மருந்து தண்ணீரைவிடச் சற்று விலை கூடியதாக இருந்தது, அவ்வளவுதான்.

புல்வெளிப் பக்கம்: குஞ்சுப் புழு புல்லின் அடியில் கொஞ்ச உயரம் வரைதான் பெரும்பாலும் இருக்கும், ஈரம் இருந்தால் மேலே ஏறும். பனி உலரும் முன் ஆட்டைத் திறந்துவிடாமல் இருப்பதும், கிக்குயு புல்லை நாலு விரல் உயரத்துக்குக் கீழே மேயவிடாமல் மாற்றுவதும் செலவில்லாத தடுப்பு.

### சதுப்பில் மேய்கிறது

ஓடை ஓரச் சேற்றில் நத்தை இருந்தால் ஈரல் தட்டைப்புழுவும் இருக்கலாம். சாதாரணப் புழு மருந்துகளில் பல அதைத் தொடாது. அதே வெளுப்பு, அதே தாடைப் பை, ஆனால் மருந்து கேட்கவில்லை என்றால் சாணப் பரிசோதனையில் தட்டைப்புழு முட்டையையும் பார்க்கச் சொல்லுங்கள். இது மருத்துவர் வேலை.

### எப்போது கூப்பிட வேண்டும்

நிறம் 5, எழுந்து நடக்க முடியவில்லை, மூச்சு வாங்குகிறது: இவற்றில் ஒன்று இருந்தாலும். அந்த ஆட்டைத் தூக்கித்தான் கொண்டுவர வேண்டும், ஓட்டினால் வழியிலேயே விழும்.

## கம்பளி உதிர்கிறது

முதல் கேள்வி: உரசுகிறதா, உரசாமலேயே உதிர்கிறதா?

### உரசுகிறது, கடித்துக்கொள்கிறது

கம்பளியை வெயிலில் விரித்துத் தோல் வரை பிரித்துப் பாருங்கள். மெல்லிய மஞ்சள் பேன் கம்பளி நடுவே ஓடினால் கடிபேன். எட்டுக்காலிபோலத் தட்டையாக, செம்பழுப்பாக, இறக்கை இல்லாத பூச்சி என்றால் செம்மறி உண்ணி ஈ, கழுத்தின் கீழும் விலாவிலும் அதிகம். அது கழிக்கும் கறை கம்பளியில் கழுவினாலும் போகாது. எதுவும் தெரியவில்லை, ஆனால் மஞ்சள் பொருக்கு இருக்கிறது என்றால் பொருக்கின் விளிம்பைச் சொறிந்துவிடுங்கள். ஆடு உதட்டைச் சப்புக்கொட்டி நக்கத் தொடங்கினால் சொறி உண்ணி என்று சந்தேகப்படலாம். தோலைச் சுரண்டி மருத்துவரிடம் கொடுங்கள், உருப்பெருக்கியில்தான் உறுதியாகும்.

எதுவானாலும் ஒரு விதி: பட்டியில் உள்ள எல்லா ஆட்டுக்கும் ஒரே நாளில் மருந்து, இரண்டு வாரம் கழித்து மறுபடி. முட்டையை முதல் மருந்து கொல்லாது. ஓர் ஆட்டை மட்டும் கவனித்துவிட்டு மற்றதை விட்டால் மறுமாதம் அதே கதை. பால் கறக்கும் ஆட்டுக்கு எந்த மருந்து, எத்தனை நாள் பால் வேண்டாம் என்பதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மருந்துக்கு முன் கம்பளியை வெட்டினால் மருந்து தோலில் படும், பேனும் பாதிக்கு மேல் கம்பளியோடு போய்விடும். இதைத்தான் நான் முதலில் செய்கிறேன். உறைபனிக் காலத்தில் மட்டும் வேண்டாம். கம்பளி வெட்டிய ஆடு டிசம்பர் இரவில் குளிரில் நடுங்கி விழும்.

### உரசாமல் கொத்தாகக் கழன்று வருகிறது

முதலில் வேலியைப் பாருங்கள், முள்ளில் கம்பளி தொங்குகிறதா? அடுத்தது குட்டிகள்: நார்த் தீவனம் போதாமல் அலுத்த குட்டி தாயின் கம்பளியைப் பிடுங்கித் தின்னும், உலர்புல்லும் தாது உப்பும் வைத்தால் நின்றுவிடும். இரண்டும் இல்லை என்றால் உங்கள் நோட்டைப் புரட்டுங்கள். கடும் காய்ச்சல் வந்தாலும், ஈன்றபோது பட்டினி கிடந்தாலும் அன்று வளர்ந்த மயிர் மெலிந்துபோகும். சில வாரம் கழித்து அந்த இடத்தில் அறுந்து கம்பளி போர்வைபோல் கழன்றுவிடும். அடியில் தோல் வழவழவென்று புது மயிரோடு இருந்தால் பயமில்லை, மருந்தும் வேண்டாம். மழையில் நனையாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

### ஈரமாகக் கருத்த திட்டு, நாற்றம், ஆடு கால் தட்டுகிறது

ஈப்புழு. கழிச்சலால் நனைந்த பின்புறத்தில், அல்லது காயத்தில், ஈ முட்டையிட்டிருக்கும். தாமதிக்காமல் சுற்றியுள்ள கம்பளியை வெட்டி, புழுக்களைப் பொறுக்கி எடுத்து, கழுவி, வேப்பெண்ணெயில் கற்பூரம் கரைத்துப் பூசுங்கள். அடுத்த மூன்று நாளும் தினமும் பிரித்துப் பாருங்கள், ஒரு புழு தப்பினாலும் மறுபடி துளைக்கும். உள்ளங்கை அளவைவிடப் பெரிதாக இருந்தாலோ, ஆடு தின்ன மறுத்தாலோ மருத்துவர்.

## வெட்டிய கம்பளி நூற்க வரவில்லை

நோய் இல்லாததுபோல் தோன்றினாலும் நூல் நூற்பவருக்கு இதுதான் பெரிய நஷ்டம்.

### இழுத்தால் அறுகிறது

பென்சில் தடிமன் கொத்தை எடுத்து, இரு நுனியையும் பிடித்து, காதருகே வெடுக்கென்று இழுங்கள். நல்ல கம்பளி கம்பி மீட்டியதுபோல் ஓசை தரும். சரசரவென்று அறுந்தால் பலவீனம். ஒவ்வொரு கொத்திலும் ஒரே உயரத்தில் அறுகிறதா என்று பாருங்கள். ஆறு மாதக் கம்பளியில் சரிபாதியில் அறுந்தால் மூன்று மாதத்துக்கு முன் ஆட்டுக்கு என்னவோ நேர்ந்திருக்கிறது என்று பொருள். என் நோட்டில் அந்த வாரத்தைத் தேடிப் பார்த்தேன்: ஈன்ற வாரம், தீவனம் தீர்ந்து இரண்டு நாள் வெறும் புல். அடுத்த ஈற்றில் தீவனத்தை முன்கூட்டியே வாங்கிவைத்தேன், அறுபடவில்லை. நுனியில் மட்டும் அறுந்தால் வெயிலும் மழையும் செய்த வேலை, சீவும்போது கழித்துவிட்டுப் பயன்படுத்தலாம்.

### மஞ்சள் அல்லது பச்சை நிறம்

நீண்ட மழையில் தோல் வரை நனைந்து காயாமல் கிடந்தால் கிருமி வளர்ந்து நிறம் ஏறும். கழுவினாலும் முழுதாகப் போகாது. மழைக்குச் சற்று முன் வெட்டிவிடுவதே தீர்வு, கொட்டகையில் காற்றோட்டம் இரண்டாவது. நிறம் ஏறிய கம்பளியைச் சாயத்துக்கு ஒதுக்குங்கள், நாங்கள் அதில் கருநீலம் ஏற்றுகிறோம்.

### கழுவியதும் கெட்டியாகிவிட்டது

ஆட்டின் குற்றம் இல்லை, கை. கம்பளி எண்ணெய் கரைய 60 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும், ஆனால் அந்தச் சூட்டில் கசக்கவோ கலக்கவோ கூடாது. சோப்புத் தண்ணீரில் அமிழ்த்தி 20 நிமிடம் விட்டு எடுத்து, அதே சூட்டு நீரில் அலசுங்கள். சூட்டிலிருந்து பச்சைத் தண்ணீருக்குத் திடீரென்று மாற்றினால் சுருங்கிக் கட்டியாகும். குட்டை மயிர்த் துண்டுகள் நூலில் முடிச்சு முடிச்சாக வந்தால் வெட்டியவர் ஒரே இடத்தில் இருமுறை கத்தரித்திருக்கிறார். அடுத்த முறை பக்கத்தில் நின்று சொல்லுங்கள்.

## மடியில் ஒரு பக்கம் வீங்கியிருக்கிறது

செம்மறி மடி இரண்டு பாதி. ஒரு பாதி கெட்டால் மறுபாதி தப்பலாம், அதனால் வேகம் முக்கியம். கறக்கும் முன் ஒவ்வொரு காம்பின் முதல் இரண்டு பீச்சலையும் கருப்புத் துணியில் விட்டுப் பாருங்கள். வேறு எதையும் பார்க்காதவர்கள் இதையாவது பார்க்க வேண்டும்.

### சூடு இல்லை, பால் தெளிவாக இருக்கிறது

குட்டி ஒரு பக்கமே குடிக்கிறது, அல்லது திடீரென்று பால் மறக்கடித்ததால் தேங்கிவிட்டது. குட்டியை மறுபக்கமும் விடுங்கள். மறக்கடிப்பதானால் அடர்தீவனத்தைக் குறைத்து, சில நாளில் படிப்படியாக நிறுத்துங்கள்.

### காம்பில் பொருக்கு, குட்டியின் உதட்டிலும் பொருக்கு

தொற்று வாய்ப்புண். மனிதனுக்கும் ஒட்டும். என் விரல் ஒருமுறை ஆறு வாரம் ஆறவில்லை. கையுறை போடுங்கள். பொருக்கைப் பிய்க்காதீர்கள், சில வாரத்தில் தானே உதிரும். காம்பு வலியால் தாய் குட்டியை உதைத்தால் குட்டிக்குப் புட்டிப்பால் கொடுங்கள்.

### சூடு, கெட்டி, பாலில் துகள் அல்லது நீர்

மடிநோய். அந்தப் பாதியைத் தனிப் பாத்திரத்தில் கறந்து கொட்டுங்கள், நாய்க்கும் பூனைக்கும் ஊற்றாதீர்கள். காய்ச்சல் இருந்தால் அன்றே மருத்துவர். ஒரு நாள் பொறுத்துப் பார்க்கலாம் என்று நினைத்த இரண்டு முறையும் எனக்கு அந்தப் பாதி போய்விட்டது.

### மடி குளிர்ந்து, நீலமாகவோ கருப்பாகவோ இருக்கிறது

சதை அழுகத் தொடங்கிவிட்டது. இது இரவென்றும் பகலென்றும் பார்க்காமல் கூப்பிட வேண்டிய நிலை. பாதி மடியை இழந்து உயிரைக் காப்பாற்றலாம்.

## பால் குறைந்தது, அல்லது காய்ச்சினால் திரிகிறது

எதிர்பார்ப்பை முதலில் சரி செய்யுங்கள். நீலகிரி ஆடு பால் இனம் அல்ல. ஐரோப்பாவின் ஈஸ்ட் ஃபிரீசியன் போன்ற பால் செம்மறியைப் பற்றிப் படித்துவிட்டு இதனிடம் அதைக் கேட்கக் கூடாது. எங்களுக்கு ஓர் ஆட்டுக்கு வேளைக்கு ஒரு டம்ளர் வந்தால் நல்ல நாள். குட்டிக்கு ஒரு மாதம் ஆன பிறகு, இரவில் மட்டும் பிரித்து வைத்து, காலையில் கறந்துவிட்டுப் பகலெல்லாம் தாயோடு விடுகிறோம்.

குறைந்தால் வரிசையாக: தண்ணீர்த் தொட்டி (உறைபனிக் காலையில் மேலே பனி கட்டியிருந்தால் ஆடு குடிக்காது), தீவன மாற்றம், கறக்கும் ஆள் மாற்றம், நாய் பக்கத்தில் நிற்பது, மடிநோய், புழு. புதுக் கைக்கு ஆடு பாலை அடக்கிக்கொள்ளும். எங்கள் வீட்டில் அண்ணி கறந்தால் டம்ளர் நிறையும், நான் கறந்தால் முக்கால்.

திரிந்தால்: ஈன்று நான்கைந்து நாளுக்குள் கறந்தது என்றால் அது சீம்பால், திரியத்தான் செய்யும். இல்லை என்றால் பாத்திரம், கறந்து காய்ச்சும் வரை ஆன நேரம், கடைசியில் கருப்புத் துணிச் சோதனை. கம்பளி நாற்றம் அடித்தால் மடியைச் சுற்றியுள்ள மயிரைக் கத்தரித்துவிட்டு, ஈரத் துணியால் துடைத்துக் கறந்து, உடனே வடிகட்டுங்கள். எதுவானாலும் காய்ச்சாமல் குடிக்க வேண்டாம். மாட்டுப்பாலைவிடக் கொழுப்பும் புரதமும் கூடுதல் என்பதால் அடியில் சீக்கிரம் பிடிக்கும், சிறுதீயில் கிளறுங்கள்.

## எழுந்திருக்கவில்லை

### மல்லாந்து கிடக்கிறது

கம்பளி ஆட்டுக்கே உரிய விபத்து. நனைந்த கனத்த கம்பளியோடு, முக்கியமாக நிறைசினையில், பள்ளத்தில் மல்லாந்தால் தானே புரள முடியாது. வாயு அடைத்துச் சில மணி நேரத்தில் சாகும். புரட்டி நிறுத்தி, கால் உறுதியாகும் வரை இரு கையாலும் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். உடனே விட்டால் மறுபடி சாயும்.

### சினையின் கடைசி மாதம், தீவனம் ஒதுக்கியது, தனியே நின்றது

செம்மறிக்குச் சினைக்காலம் ஏறக்குறைய 5 மாதம். கடைசி 6 வாரத்தில் குட்டி வேகமாக வளரும்போது தாய்க்கு ஆற்றல் போதாமல் போனால் சினை நச்சு. மூச்சில் இனிப்பான, புளித்த பழம் போன்ற வாடை, பார்வை மங்கல், தலையைச் சுவரில் அழுத்துவது. நீலகிரி ஆட்டில் இரட்டைக் குட்டி அபூர்வம் என்பதால் எங்களுக்கு இது மெலிந்த ஆட்டிலும் அளவுக்கு மீறிக் கொழுத்ததிலுமே வந்தது. நடக்கும் நிலையிலேயே கண்டால் மருத்துவர் சொல்லும் அளவில் புரொபிலீன் கிளைக்கால் என்ற ஆற்றல் தரும் திரவம் கொடுத்து மீட்கலாம். படுத்துவிட்டால் வாய்ப்புக் குறைவு. வாடை இல்லை, தசை நடுங்குகிறது, திடீரென்று விழுந்தது என்றால் சுண்ணாம்புச்சத்துக் குறைவாக இருக்கலாம். அதற்கு மருத்துவர் கால்சியம் ஊசி போட்டால் பல நேரம் அரை மணியில் எழுந்துவிடும். இரண்டையும் நீங்களே பிரித்தறிய முயலாமல் கூப்பிடுங்கள்.

## இடது விலா உப்பிவிட்டது

மழைக்குப் பின் குளோவர் (மூவிலைத் தீவனச் செடி) அடர்ந்த புல்லில் பசியோடு திறந்துவிட்டால் வரும். ஆட்டை முன்கால் மேடாக நிறுத்தி, தாவர எண்ணெய் 100 மில்லி அளவு மெதுவாக ஊற்றி, விலாவை நீவுங்கள். தானிய மூட்டையை அவிழ்த்துத் தின்ற ஆடு என்றால் எண்ணெய் போதாது, அது அமில நஞ்சு. அப்போதும், பதினைந்து நிமிடத்தில் வாயு இறங்காமல் மூச்சுத் திணறினாலும், மருத்துவர். விலாவில் குத்தி வாயு விடுவதை ஒருமுறையாவது அவர் செய்து காட்டாமல் முயலாதீர்கள்.

## கழிகிறது

ஓர் ஆடு, உற்சாகமாக இருக்கிறது: புதுப்புல். உலர்புல் கொடுத்து ஒரு நாள் பாருங்கள். மூன்று வாரத்துக்கு மேற்பட்ட குட்டிகள் பல ஒன்றாகக் கழிந்து, ரத்தச் சளி தெரிந்தால் ரத்தக்கழிச்சல், ஈரப் படுக்கையை மாற்றிவிட்டு மருந்து கேளுங்கள். அதுவரை கொதித்து ஆறிய 1 லிட்டர் நீரில் 6 சிறு கரண்டி சர்க்கரை, அரைச் சிறு கரண்டி உப்பு கரைத்துச் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். கழிச்சலோடு காய்ச்சல், கண் மூக்கில் பீளை, வாயில் புண் இருந்தால் ஆட்டுக்கொல்லி நோய். அன்றே தெரிவியுங்கள். அதற்குத் தடுப்பூசி உண்டு, போடாதவர்கள் கழிச்சல் நின்றதும் மறந்துவிடுகிறார்கள்.

## சிறுநீர் சிவப்பு, கண் மஞ்சள்

மாட்டுக்கான தாது உப்பைச் செம்மறிக்கு வைத்தீர்களா? அதில் உள்ள தாமிரம் ஈரலில் சேர்ந்து சேர்ந்து ஒருநாள் மொத்தமாக ரத்தத்தில் இறங்கும். செம்மறிக்கென்று எழுதிய கலவை மட்டுமே வாங்குங்கள். உண்ணிச்செடி தின்றாலும் கண் மஞ்சளாகும், அப்போது வெயிலில் முகத்தோல் வெந்து உரியும். நிழலில் கட்டிவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

## நேற்று நன்றாக இருந்தது, காலையில் செத்துக் கிடந்தது

கொழுத்த, நன்கு தின்னும் குட்டி, தீவனம் கூட்டிய வாரம் என்றால் துள்ளுமாரி (குடல் நச்சு நோய்). மழைக்கு முன் தடுப்பூசி போடுவது இதற்காகத்தான். பட்டியில் மற்றவற்றுக்கு அன்றே அடர்தீவனத்தைக் குறைத்துவிடுங்கள்.

மூக்கு, ஆசனவாயில் உறையாத கருரத்தம் வழிந்தால் அது அடைப்பானாக (ஆந்த்ராக்ஸ்) இருக்கலாம். அறுக்காதீர்கள், தோலுரிக்காதீர்கள், கம்பளியையும் எடுக்காதீர்கள், கைபடாமல் நாயை விரட்டி, மருத்துவர் வரும் வரை மூடி வையுங்கள்.

சினை கலைந்து குட்டி விழுந்தாலும் இதே எச்சரிக்கை. விழுந்த குட்டியையும் நச்சுக்கொடியையும் வெறுங்கையால் தொடக் கூடாது, வீட்டில் கர்ப்பிணிகள் அந்தப் பக்கம் வரக் கூடாது, பரிசோதனைக்குக் கொஞ்சம் எடுத்துக்கொடுத்த பிறகு மீதியைச் சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதைக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் கால்நடை அவசர ஊர்திக்கு 1962 என்ற எண். அழைக்கும்போது ஆட்டின் வயது, எடை, சினையா, கறவையா, எத்தனை மணி நேரமாக, வெப்பம் எவ்வளவு, இமையின் நிறம், கடைசியாக என்ன மருந்து எந்தத் தேதியில் என்று கேட்பார்கள். எங்கள் கொட்டகைக் கதவின் உட்புறம் இந்த எட்டையும் கரிக்கட்டியால் எழுதி வைத்திருக்கிறேன். இரவு இரண்டு மணிக்குக் கைவிளக்கோடு நிற்கும்போது எதுவும் ஞாபகத்துக்கு வராது.